என்ஐஐடி-க்கு நான் கட்டின ஃபீஸ்

தலைப்பைப் பார்த்துட்டு, காலேஜ் லீவுல கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்த கொசுவத்தியைச் சுத்தப் போறான்னு நினைச்சுராதீங்க மக்கா. இது வேற என்ஐஐடி. அமெரிக்க வருமான வரியில 'நெட் இன்வெஸ்ட்மென்ட் இன்கம் டாக்ஸ்'னு ஒண்ணு இருக்கு. அதோட முதலெழுத்துகளைச் சேர்த்தா நம்ம பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல போர்டு மாட்டியிருந்த அதே பேர் வருது. மெடிகேர் சர்டாக்ஸ்னும் சொல்றாங்க. 3.8 சதவீதம்.

டிஸ்கி: நான் கோடு தட்டறவன். ஆடிட்டர் இல்ல. என் கதைக்கு என்ன கணக்கு வந்துச்சோ அதைத்தான் எழுதறேன். உங்க கதைக்கு உங்க சிபிஏ.

2024 நவம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இங்க டல்லாஸ் பக்கம், ஆபீஸ்ல ஆணி எல்லாம் பிடுங்கிட்டு கிளம்பற நேரத்துல சித்தப்பாகிட்ட இருந்து போன். திண்டுக்கல்ல அப்போ விடிகாலை. அந்த நேரத்துல ஊர்ல இருந்து போன் வந்தா, எடுக்கறதுக்கு முன்னாடியே பாதி விஷயம் தெரிஞ்சுரும். அப்பாவுக்கு நெஞ்சுவலி. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு. மூணு அடைப்பு, பைபாஸ் பண்ணணும்.

அப்பா ஹார்ட்வேர் கடை வெச்சிருக்கார். பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள், பிவிசி பைப். (நான் ஆபீஸ்ல பிடுங்கறது ஆணின்னா, அவர் முப்பது வருஷமா கிலோ கணக்குல விக்கறதும் ஆணிதான்.) பென்ஷன் கிடையாது. மருத்துவக் காப்பீடு மூணு லட்சத்துக்கு இருந்துச்சு. அது ஆபரேஷனுக்கே பத்தலை. ஆபரேஷன் நல்லா முடிஞ்சு நாலாவது நாள் நுரையீரல்ல தொற்று. திரும்ப ஐசியூ, வென்டிலேட்டர். மொத்தம் 19 நாள்.

முதல்ல என்ஆர்இ டெபாசிட்ட உடைச்சோம். எட்டு லட்சம். அது போற வேகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுருச்சு. "இன்னும் எத்தனை நாள்னு சொல்ல முடியாது சார்"னு டாக்டர் சொன்ன அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. காலையில மார்க்கெட் திறந்ததும் லேப்டாப்பைத் திறந்து, கம்பெனி கொடுத்த ஷேர் எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவையும் வித்தேன். எல்லாத்தையும். கணக்கு எதுவும் போடலை. எவ்வளவு தேவைன்னு யாருக்குமே தெரியாத நேரத்துல என்ன கணக்குப் போடறது?

அப்பா பிழைச்சுட்டார். அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா படிக்கறவங்களுக்கு மனசு ஒட்டாது. டிசம்பர் நடுவுல வீட்டுக்கு வந்துட்டார். நானும் மூணு வாரம் போய் இருந்துட்டு வந்தேன். மொத்த பில் பதினாலு லட்சத்துச் சொச்சம். நான் வித்ததுல மூணுல ஒரு பங்குகூட செலவாகலை. மிச்சம் இங்க பேங்க்ல சும்மா கிடந்துச்சு.

இது வரைக்கும் கதை. இனி வரி.

மார்ச்ல வரி கட்டற சாஃப்ட்வேர்ல உட்கார்ந்தேன். டபிள்யூ-2 போட்டேன், ஷேர் வித்த 1099 போட்டேன். ஷேர் லாபத்துக்கு 15 சதவீதம்னு தெரியும், ஏன்னா வித்தது பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல கையில இருந்தது. சமீபத்துல வெஸ்ட் ஆனதுல லாபம்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல. லாபம் 61,000 டாலர். அதுக்கு வரி 9,150. வலிச்சுது, ஆனா எதிர்பார்த்த வலி. அதுக்கப்புறம் ஷெட்யூல் 2-ல ஒரு வரியில (வரியில வரி, சிலேடை இல்ல, நிஜமாவே வேற வார்த்தை கிடைக்கலை) 1,140 டாலர்னு ஒண்ணு தானா வந்து உட்கார்ந்திருந்துச்சு. நான் எதையும் டைப் பண்ணலை. சாஃப்ட்வேரே ஃபார்ம் 8960-ன்னு ஒண்ணை நிரப்பி வெச்சிருந்துச்சு.

9,150-க்கு வராத கோபம் 1,140-க்கு வந்துச்சு. ஏன்னு இப்பவும் தெரியலை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து படிச்சேன்.

இந்த வரி 2010 மார்ச்ல, ஒபாமா கேர் சட்டத்துக்கு ஒரு வாரம் கழிச்சு அவர் கையெழுத்துப் போட்ட துணைச் சட்டத்துல வந்தது. அமலுக்கு வந்தது 2013 ஜனவரி 1. வரிச் சட்டத்துல பிரிவு 1411. அந்தப் பிரிவு இருக்கற அத்தியாயத்தோட தலைப்பைத் தமிழ்ல சொன்னா 'உழைக்காத வருமானத்துக்கான மெடிகேர் பங்களிப்பு'. உழைக்காத வருமானம்! இந்த வார்த்தைக்கு அப்புறம் வர்றேன்.

3.8 ஏன்? இதுல ஒரு கணக்கு இருக்கு. சம்பளத்துல மெடிகேருக்குன்னு நம்மகிட்ட 1.45 சதவீதம் பிடிக்கறாங்க, கம்பெனியும் 1.45 கட்டுது. சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டினா அதுக்கு மேல உள்ளதுக்கு நம்மகிட்ட இன்னொரு 0.9. கூட்டினா 3.8. அதாவது, அதிகமா சம்பளம் வாங்கறவனோட ஒவ்வொரு டாலர்லயும் மெடிகேருக்கு 3.8 போகும்போது, முதலீட்டுல சம்பாதிக்கறவன் மட்டும் ஏன் தப்பிக்கணும், அவனும் அதே 3.8 கட்டட்டும்னு ஒரு நியாயம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதைப் படிச்சப்போ, அட, சரிதானேன்னு எனக்கே பட்டுச்சு. அது வேற விஷயம்.

இப்ப எப்படிப் போடறாங்கன்னு பார்ப்போம். நான் பார்த்த வரைக்கும் நம்ம ஆளுங்க பாதிப் பேர் குழம்பற இடம் இதுதான்.

ரெண்டு எண் வேணும். ஒண்ணு, உங்க நிகர முதலீட்டு வருமானம்: வட்டி, டிவிடெண்ட், ஷேர் லாபம், வாடகை, ராயல்டி இந்த வகையறா, அதுல இருந்து சம்பந்தப்பட்ட செலவைக் கழிச்சது. ரெண்டாவது, உங்க மொத்த வருமானம் (பெரும்பாலும் 1040-ல வர்ற ஏஜிஐ-தான்) எல்லையை எவ்வளவு தாண்டுதுங்கறது. எல்லை தனி ஆளுக்கு 2 லட்சம் டாலர், ஜோடியா ஃபைல் பண்ணா 2.5 லட்சம், கல்யாணம் ஆகி தனித்தனியா பண்ணா 1.25 லட்சம். இந்த ரெண்டு எண்ல எது சின்னதோ அதுக்கு மட்டும் 3.8.

என் கணக்கு: சம்பளம் 1,68,000. இதுலயே அந்த வருஷம் வெஸ்ட் ஆன ஷேரோட மதிப்பும் அடக்கம். ஷேர் லாபம் 61,000. என்ஆர்இ டெபாசிட் வட்டி 700, இங்க சேமிப்புக் கணக்கு வட்டி 300. ஆக முதலீட்டு வருமானம் 62,000. மொத்தம் 2,30,000. எல்லையைத் தாண்டினது 30,000. 62-ம் 30-ம் வெச்சுப் பார்த்தா சின்னது 30. அதுல 3.8 சதவீதம் 1,140.

கவனிங்க, என் சம்பளம் எல்லைக்குக் கீழதான். சம்பளத்துக்கான அந்த 0.9 எனக்கு வரவே இல்லை. ஷேர் விக்காத ஒரு சாதாரண வருஷத்துல 3.8-ம் கிட்டவே வராது. அந்த ஒரு காலையில நான் பட்டனை அமுக்கினதுதான் என்னை எல்லையைத் தாண்ட வெச்சுது.

இதுக்கு நேர்மாறா, ஃபிரிஸ்கோல இருக்கற ஒரு அண்ணன் கேஸ். அண்ணனும் அண்ணியும் சேர்ந்து சம்பளமே 3,10,000. பேங்க் வட்டி 3,000. அவங்களுக்குச் சம்பளமே எல்லையை 60,000 தாண்டிருச்சு. ரெண்டுல சின்னது 3,000. வரி 114 டாலர். "சம்பளம் தாண்டின 60,000-க்கும் 3.8 போடுவாங்களாடா?"ன்னு பயந்துட்டே இருந்தார். இல்லண்ணே, சம்பளத்துல இது கை வைக்காது. ஆனா உங்களுக்கு முதலீட்டுல வர்ற முதல் டாலர்ல இருந்தே 3.8 உண்டு. சம்பளம் வழியை அடைச்சு நிக்குது, வர்ற வட்டியெல்லாம் மாட்டுது.

ஒரு சைடு நோட்டு. தனித்தனியா ரெண்டு பேருக்கு 2 பிளஸ் 2, நாலு லட்சம். தாலி கட்டினா ரெண்டரை. எனக்கு வீட்டுல பொண்ணு பார்க்கறாங்க. இதே அளவு சம்பளம் வாங்கற பொண்ணா வந்துட்டா நானும் அந்த அண்ணன் லிஸ்ட்டுல சேர்ந்துருவேன். இதை அம்மாகிட்ட சொன்னேன். "வரியைக் காட்டி கல்யாணத்தைத் தள்ளிப் போடப் பாக்குறியா"ன்னு கேட்டாங்க. :-)

எது எதெல்லாம் மாட்டாது? சம்பளம் மாட்டாது. 401கே, ஐஆர்ஏ-ல இருந்து எடுக்கற காசு முதலீட்டு வருமானம் இல்ல (ஆனா சாதாரண 401கே-ல இருந்து எடுத்தா ஏஜிஐ ஏறும், அது வழியா மத்ததை உள்ள இழுத்துவிடும்). முனிசிபல் பாண்டு வட்டி கிடையாது. குடியிருந்த வீட்டை வித்தா, வரியில இருந்து விலக்கு கிடைக்கற அந்த 2.5 லட்சமோ 5 லட்சமோ லாபம் இதுலயும் வராது. ஐஆர்எஸ் கண்ணுல நான்-ரெசிடென்ட் ஏலியனா இருக்கறவங்களுக்கு இந்த வரியே இல்ல. எச்-1பி-ல வருஷம் முழுக்க இங்க இருக்கற என்னை மாதிரி ஆளுங்க வரிக்கு ரெசிடென்ட்தான். கிரீன் கார்டுக்கு வரிசையில நிக்கற வருஷங்கள்ல வரி மட்டும் முதல் ஆளா நம்மளைச் சேர்த்துக்குது.

ஆர்எஸ்யூ வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷேர் வெஸ்ட் ஆன அன்னைக்கு அதோட மதிப்பு சம்பளமா டபிள்யூ-2-ல ஏறிடும். வித்ததும் புரோக்கர் அனுப்பற 1099-ல அடக்க விலை சில நேரம் பூஜ்யம்னே இருக்கும். அதை அப்படியே போட்டா, ஏற்கனவே சம்பளமா வரி கட்டின காசு திரும்ப லாபமா வந்து நிக்கும். 15-ம் கட்டி, மேல 3.8-ம் கட்டுவீங்க. புரோக்கர் தனியா கொடுக்கற துணை அறிக்கையில சரியான விலை இருக்கும், அதைத் தேடிப் போடுங்க. நான் முதல் தடவை போட்டப்போ லாபம் 96,000-ன்னு காட்டுச்சு. வித்த மொத்தத் தொகையே அவ்வளவுதான். நெஞ்சைப் பிடிச்சுட்டேன். (அப்பாவுக்கு அப்புறம் நானான்னு ஒரு நிமிஷம் நிஜமாவே தோணுச்சு.)

ஊர்ல சொத்து, டெபாசிட் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல, இங்க உண்டு, 3.8 கணக்குலயும் சேரும். என்ஆர்ஓ வட்டிக்கோ, ஊர்ல வித்த மனைக்கோ இந்தியாவுல கட்டின வரியை இங்க சாதாரண வருமான வரியில கழிச்சுக்கலாம், ஆனா 3.8-ல கழிக்க சட்டத்துல இடம் இல்ல. நாடுகளுக்கு நடுவுல இருக்கற வரி ஒப்பந்தத்தைக் காட்டிக் கழிக்கலாமான்னு சிலர் கோர்ட்டுக்குப் போனாங்க. 2021-ல வரி நீதிமன்றம் முடியாதுன்னு சொல்லுச்சு. 2023-ல இன்னொரு நீதிமன்றம் பிரான்ஸ் ஒப்பந்தத்தை வெச்சு முடியும்னு சொல்லுச்சு. ரெண்டு கேஸும் இந்திய ஒப்பந்தத்தைப் பத்தினது இல்ல. ஊர்ல பெரிய மனை விக்கப் போறவங்க எதுக்கும் ஒரு நல்ல சிபிஏகிட்ட காசு கொடுத்துக் கேட்டுக்கோங்க.

சரி, கோபத்துக்கு வருவோம்.

முதல் கோபம், எல்லை. 2013-ல வெச்ச 2 லட்சம், இன்னும் 2 லட்சம்தான். விலைவாசியோட ஏத்தற ஏற்பாடு சட்டத்துலயே இல்ல. 401கே-ல போடற உச்சவரம்பு 2013-ல 17,500, 2024-ல 23,000. அது ஏறுது. இது அசையலை. 2013-ல இருந்த 2 லட்சத்தோட மதிப்பு 2024 விலைவாசியில ஏறத்தாழ 2,70,000. அந்த எல்லை இருந்திருந்தா என்னோட 2,30,000 பக்கத்துலயே போயிருக்காது. பணக்காரனுக்குப் போட்ட வரின்னு சொன்னாங்க. அவங்க வந்து வாசல்ல நிக்கலை, வாசலே நடந்து நடந்து நம்ம வீட்டுக்கு வந்துருச்சு. 2017-ல பிரதிநிதிகள் சபை நிறைவேத்தின மசோதாவுல இந்த வரியையே தூக்கறதா இருந்துச்சு. அந்த மசோதா செனட்டைத் தாண்டலை.

ரெண்டாவது கோபம், பேர். மெடிகேர்ங்கறது 65 வயசு தாண்டினவங்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு. சம்பளத்துல பிடிக்கற 1.45-ம் 0.9-ம் மெடிகேர் மருத்துவமனை நிதிக்குப் போகுது. பேர்ல மெடிகேர் இருக்கற இந்த 3.8? அது அந்த நிதிக்குப் போகலை. அரசாங்கத்தோட பொதுக் கஜானாவுக்குப் போகுது. சட்டத்துல தலைப்பு மட்டும்தான் மெடிகேர். நம்ம ஊர்ல 2018 பட்ஜெட்ல இருந்து 4 சதவீதம் 'சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்' இருக்கே, அதையாவது வரி மேல போடறாங்க. நூறு ரூபாய் வரின்னா நாலு ரூபாய். இங்க வருமானத்து மேலயே நேரா.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சம்பளத்துல மெடிகேர் வரி கட்டி 40 காலாண்டு வேலை பார்த்தா, பிற்காலத்துல பிரீமியம் இல்லாம அந்தக் காப்பீடு கிடைக்கறதுக்கான தகுதியில ஒரு பகுதி பூர்த்தியாகும். 3.8 எவ்வளவு கட்டினாலும் ஒரு காலாண்டுகூட கணக்குல ஏறாது.

மூணாவது கோபத்துக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அந்தக் காசு எதுக்காக வித்தது? ஒரு வயசானவரோட வைத்தியத்துக்கு. சரி, வைத்தியச் செலவைக் கழிக்கலாமான்னு பார்த்தேன். இங்க மருத்துவச் செலவு ஏஜிஐ-ல 7.5 சதவீதத்தைத் தாண்டினா கழிக்கலாம், ஆனா நமக்கோ, மனைவிக்கோ, நம்ம டிபென்டன்ட்டுக்கோ செஞ்சதா இருக்கணும். இந்தியாவுல இருக்கற, இந்தியக் குடிமகனான அப்பா டிபென்டன்ட் ஆக முடியாது. கனடா, மெக்சிகோவுல குடியிருந்தா அந்த வாய்ப்பு உண்டு, திண்டுக்கல்லுக்குக் கிடையாது. அப்படியே கழிக்க முடிஞ்சாலும், அந்தக் கழிவு ஏஜிஐ-க்குக் கீழதான் வரும். 3.8-க்குப் பார்க்கற எண் ஏஜிஐ. அதனால ஒரு டாலர்கூடக் குறையாது.

கோபத்தோட படிச்சதுல ஒரே ஒரு நல்லது நடந்துச்சு. ஏஜிஐ-யைக் குறைச்சா 3.8-ம் குறையும், ஆனா வருஷம் முடிஞ்சு மார்ச் ஆயிடுச்சு. 401கே-க்கு டிசம்பரோட கதவு மூடிருச்சு, அதுல நான் கம்பெனி மேட்ச் கிடைக்கற அளவுக்கு மட்டும் போட்டிருந்தேன். (போடா முட்டாள்னு என்னையே திட்டிக்கிட்டேன்.) ஆனா எச்எஸ்ஏ, அதாவது அதிகக் கழிவுத் தொகை இருக்கற மருத்துவக் காப்பீட்டோட வர்ற சேமிப்புக் கணக்கு, அதுல மட்டும் போன வருஷத்துக்கான காசை ஏப்ரல் 15 வரைக்கும் போடலாம். என்கிட்ட அந்தக் காப்பீடு 2024 முழுக்க இருந்துச்சு, ஒரு டாலர் போட்டதில்ல. தனி ஆளுக்கு அந்த வருஷ உச்சவரம்பு 4,150. போட்டேன். ஏஜிஐ 2,25,850 ஆச்சு. 1,140 டாலர் 982 ஆச்சு. சாதாரண வரியிலயும் 24 சதவீதம், அதாவது 996 டாலர் குறைஞ்சுது. மிச்சமிருந்த ஷேர் காசு அதுக்காவது உதவுச்சு.

அபராதமும் இல்லாம தப்பிச்சேன். சம்பளத்துக்குக் கம்பெனி பிடிச்சுக் கட்டும், 3.8-ஐ யாரும் பிடிக்க மாட்டாங்க, நாமளே காலாண்டுக்கு ஒரு தடவை கட்டணும். நவம்பர்ல வித்ததுக்கு ஜனவரி 15-க்குள்ள கட்டியிருக்கணும். ஜனவரி 15-ன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மார்ச்லதான் தெரியும். போன வருஷ மொத்த வரி அளவுக்கு இந்த வருஷம் சம்பளத்துலயே பிடிச்சிருந்தா அபராதம் இல்லைன்னு ஒரு விதி காப்பாத்துச்சு. முந்தின வருஷ ஏஜிஐ ஒன்றரை லட்சத்தைத் தாண்டினவங்களுக்கு அது 110 சதவீதம்.

இப்ப ஆற அமர யோசிச்சா, தேவைப்பட்டதை மட்டும் வித்திருந்தா லாபம் 20,000 சொச்சம்தான். மொத்தம் 1,89,000. 3.8 பூஜ்யம். இன்னும் தேவைப்பட்டிருந்தா ஜனவரியில கொஞ்சம் வித்திருக்கலாம், அது அடுத்த வருஷக் கணக்கு. ஆறு வாரத்துல அடுத்த வருஷம். இதெல்லாம் மார்ச்ல தெரியுது. அந்த ராத்திரி, வென்டிலேட்டர்ல இருக்கற ஒருத்தரோட போட்டோவை சித்தப்பா வாட்ஸப்ல அனுப்பியிருந்தார், அனுப்பியிருக்கவே வேண்டாம். அதைப் பார்த்துட்டு யாருக்கு ஜனவரி ஞாபகம் வரும்?

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அவருக்கு வரி புதுசில்ல. விற்பனை வரி, வாட், ஜிஎஸ்டி மூணையும் கடையில உட்கார்ந்தே பார்த்தவர். பொறுமையா கேட்டார்.

"அது என்னமோ வார்த்தை சொன்னியே தம்பி?"

"உழைக்காத வருமானம்ப்பா."

"ராத்திரியும் பகலுமா அந்தப் பொட்டியைத் தட்டிக்கிட்டு இருந்ததுக்குக் குடுத்த ஷேர்தான? அது எப்படி உழைக்காத வருமானம்?"

குடுத்த அன்னைக்கு இருந்த மதிப்பு உழைச்ச வருமானம், அதுக்கு மேல ஏறினது உழைக்காததுன்னு விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல.

"அதுஞ்சரிதான். ஸ்டாக்கு வாங்கி வெச்சு, வெலை ஏறினா நானும் ஒண்ணும் உழைக்கறதில்ல"ன்னார். பிவிசி பைப் ஞாபகம் வந்திருக்கும். அப்புறம், "அந்தக் காசு அங்க உள்ள வயசானவங்க ஆஸ்பத்திரிக்காவது போவுதா?"

"பேர்தான்ப்பா அப்படி. பொதுக் கஜானாவுக்குப் போகுது."

"ம்."

திரும்ப சத்தமில்ல. லைன் கட் ஆயிருச்சோன்னு பார்த்தேன். பின்னாடி காகிதம் புரள்ற சத்தம் கேட்டுச்சு. என்னப்பான்னா, நோட்டு எடுக்கறார். ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்லேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டுல யார் யார் எவ்வளவு போட்டாங்கன்னு எழுதிட்டு வர்றார். சித்தப்பா கட்டின அட்வான்ஸ், அத்தை கொடுத்த இருபதாயிரம், ஆம்புலன்ஸ், ரத்தம் கொடுத்த பசங்களுக்கு வாங்கின ஜூஸ் வரைக்கும். என் பேர்ல தனிப் பக்கம். திருப்பித் தரப் போறாராம். வேண்டாம்னு ஆயிரம் தடவை சொல்லியாச்சு.

"இந்த வரியும் என்னாலதான வந்துச்சு. ஆயிரத்து நூத்தி நாப்பதா, தொள்ளாயிரத்து எம்பத்திரெண்டா? செரியா சொல்லு."

அப்பா, அது உங்களால இல்ல, நான் அவசரப்பட்டு வித்ததாலன்னேன். அவர் கேக்கலை.

"நீ எண்ணைச் சொல்லு."

தொள்ளாயிரத்து எம்பத்திரெண்டுன்னு சொன்னேன். அன்னைக்கு டாலர் ரேட்டு என்னன்னு கேட்டு அதையும் பக்கத்துல எழுதிக்கிட்டார்.